அரை லிட்டர் மிச்சம்

நான்கு லிட்டர் டப்பா வாங்கினால் என்ஜினுக்கு மூன்றரைதான் போகும். அரை லிட்டர் மிஞ்சும். மற்றவர்கள் அதை மெக்கானிக் ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவர் விடமாட்டார். மூடியை இறுக்கி, வாயைத் துணியால் துடைத்து, துணிப்பையில் நிமிர்த்தி வைத்து, காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். கூடவே காலி பாட்டில்கள், கழற்றிய பழைய ஃபில்டர், புது ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி. ஷெட்டில் அவருக்கு டப்பா சார் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பேரு சரியாத்தான் வெச்சிருக்கானுங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். கம்பிவலை போட்ட ஜன்னல். வெளியே நிற்பவன் சீட்டை நீட்டுவான். அவர் வாங்கிப் படித்து, உள்ளே போய், அலமாரிகளுக்கு நடுவே நடந்து, கேட்டதை எடுத்துவந்து வைப்பார். போல்ட், பெல்ட், பேரிங், வாஷர். ஒருமுறை மேனேஜரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய சீட்டில் பேரிங்கின் கடைசி எண் தப்பாக இருந்தது. அவர் கொடுக்க மறுத்தார். மெஷின் அரை நாள் நின்றது. மேனேஜர் வந்து கத்தினார். பிறகு எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் கையைக் குலுக்கினார். இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "கம்பிவலையில கை மாட்டிக்கிச்சு" என்ற கடைசி வரியை மட்டும் அவர் மனைவி சொல்லிவிடுவாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு சாமான்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. அவருக்கு வேறு பெருமை கிடையாது. படிப்பு, பணம், பிள்ளை என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் அவரிடம் இல்லை. இது இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே போட்டிருக்கும் செல் எந்தக் கம்பெனி என்று பார்த்தார்.

கார் மனைவியுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்து, அவள் தன் பெயரில் வாங்கியது. ஓட்டுவதும் அவள்தான். அவருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே கை வேர்க்கும். "கார் என்னோடது, டிக்கி அவரோடது" என்பாள். டிக்கியில் அவர் வைத்திருந்த சாமான்களைக் கொண்டு இன்னொரு கார் செய்யலாம் என்று பேட்டரி கடைக்காரர் சொல்வதுண்டு. பேட்டரி கடை ஷெட்டுக்கு அடுத்த கதவு. கடைக்காரர் பாதி நாள் தன் கடையில் இருப்பார், பாதி நாள் ஷெட்டில் நின்று பேசுவார்.

வீட்டிலும் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. "உப்பு டப்பா மேல உப்புன்னு எழுதியிருக்கற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். அவளுக்கு ரத்த அழுத்தம். ஞாயிற்றுக்கிழமை அவர் அவளுடைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலை, மாலை என்று எழுதிய சின்ன டப்பாக்களில் போட்டு வைப்பார். வேளைக்கு எடுத்து நீட்டுவார். அவள் பார்க்காமலேயே வாயில் போட்டுக்கொள்வாள்.

"என்ன மாத்திரைன்னுகூட எனக்குத் தெரியாது. இவர் குடுத்தா விஷமா இருந்தாலும் அளவு சரியா இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

கார் வந்த புதிதில் மூன்று ஷெட்டுகளில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சாமான் எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்றார்கள். ஒருவன் கேட்டான்:

"ஓட்டலுக்குச் சாப்பிடப் போறப்ப காய்கறி வாங்கிட்டா போவீங்க?"

"தையல்கடைக்குப் போறப்ப துணி வாங்கிட்டுத்தானே போறோம்?" என்றார் அவர்.

நான்காவதாகப் போன ஷெட்டில் மெக்கானிக், அவர் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். நாற்பதைத் தாண்டியவன், குட்டையான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில்.

"சரி சார். வேலைக்கு நான் பொறுப்பு. சாமானுக்கு நீங்க பொறுப்பு. சம்மதமா?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்."

அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை ஊற்றினாலும் முதலில் மோந்து பார்ப்பான். ஒரு சொட்டை விரலில் தொட்டு, கட்டை விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவான். புது ஆயிலானாலும், சீல் உடைக்காத பாட்டிலானாலும். "மூக்குக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கய்யா. அது போச்சுன்னா நீ பிச்சைதான் எடுக்கணும்" என்பார் பேட்டரி கடைக்காரர்.

முதல் சர்வீஸின்போது டப்பா சார் கொண்டுவந்த ஆயிலையும் அப்படி மோந்தான். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா சார், பழக்கம்."

"நான் கொண்டுவந்ததையா மோந்து பாக்கறீங்க? கம்பெனி சீலை உங்க கண்ணு முன்னாடி உடைச்சேன். நான் என்ன போலிச் சரக்கா விக்கறேன்? சாவியைக் குடுங்க. நான் வேற இடம் பாத்துக்கறேன்."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க சார். இனிமே உங்க சாமானை மோக்க மாட்டேன், போதுமா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த பதினோரு வருடம் டப்பா சார் கொண்டுவந்த எதையும் அவன் மூக்கருகே கொண்டுபோனதில்லை. அவர் பக்கத்தில் நின்று, சீலை உடைத்து, மூடியைக் கழற்றி நீட்டுவார். அவன் வாங்கி ஊற்றுவான். இருவருக்கும் அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது.

பதினோராவது வருடம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. புரை எடுத்தார்கள். வலது கண்ணுக்குக் கட்டு. இடது கண்ணிலும் பார்வை அரைகுறை. குனியக்கூடாது, வெளியே போகக்கூடாது என்றார் டாக்டர். அந்த வாரம் காரின் சர்வீஸ் தேதி வந்தது.

"அடுத்த வாரம் விட்டுக்கலாமே. கார் என்ன அழப்போகுதா?" என்றாள் மனைவி.

"தேதின்னா தேதி. நீ கொண்டுபோ. நான் எல்லாம் எடுத்து வெச்சுடறேன். நீ பையைக் குடுத்தா போதும்."

துணி துவைக்கும் அறையில் சுவரோடு ஓர் இரும்பு அலமாரி. கார் சாமான்கள் அதில்தான் இருந்தன. ஒற்றைக் கண்ணோடு அதன் முன்னால் நின்று, தலை குனியாமல், கையை மட்டும் நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார். ஆயில் டப்பா. ஆயில் ஃபில்டர். அந்த வருடம் பிரேக் ஆயிலும் மாற்றவேண்டியிருந்தது. அரை லிட்டர் பாட்டில். அதையும் வைத்தார். ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி பைக்குள் போட்டார்.

மனைவி ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தாள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, பேட்டரி கடைக்காரரோடு ஏதோ பேசிச் சிரித்தபடியே வேலை செய்தான். ஊசிக்குழாய் வைத்து பிரேக் ஆயில் கிண்ணத்திலிருந்த பழையதை உறிஞ்சி எடுத்தான். பாட்டிலிலிருந்து புதிதை ஊற்றினான். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. காலி பாட்டில்களை அவள் கேட்கவில்லை. அவருக்குத்தான் அதெல்லாம்.

ஒன்பதாவது நாள் காலை அவருடைய கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துபோயிற்று. அவள் வாங்கிவரப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போனது. மறுபடியும் மிதித்தாள். கீழே பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் ஸ்டீயரிங்கை ஒடித்துத் தொட்டியின் மதில்சுவரில் மோதினாள்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்துத் திருகினார்கள்.

காரை வேறொரு ஷெட்டுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். அங்கிருந்தவன் டப்பா சாரிடம் ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டினான். ஊறிப்போய், விரலில் அழுத்தினால் பிசுபிசுத்தது.

"பிரேக்குல என்ஜின் ஆயிலை ஊத்தியிருக்காங்க சார். பேருதான் பிரேக் ஆயில், அது வேற சரக்கு. என்ஜின் ஆயில் பட்டா இந்த ரப்பர் எல்லாம் உப்பிரும். எந்த மடையன் சார் இதைப் பண்ணான்?"

எந்த மடையன் என்று அவருக்குத் தெரியும். கண் கட்டுக்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேராகப் பழைய ஷெட்டுக்குப் போனார். அதுவரை அவர் அந்த மெக்கானிக்கை நீங்க என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"டேய், வெளிய வாடா."

ஷெட்டில் வாடகைக் கார் முதலாளி நின்றிருந்தார். அவருடைய நான்கு கார்களும் இங்கேதான் சர்வீஸுக்கு வரும். பேட்டரி கடைக்காரர் இருந்தார். தெருவில் போனவர்களும் நின்றார்கள்.

"நீங்க குடுத்தனுப்பின பாட்டில்தான் சார் ஊத்தினேன்" என்றான் மெக்கானிக்.

"என் பாட்டிலா? முப்பத்தொரு வருஷம்டா! ஒரு வாஷர் மாறினதில்ல. பல்லை இளிச்சுக்கிட்டு நின்னு எதை எடுத்து ஊத்தினியோ. என் பொண்டாட்டி அங்க எந்திரிக்க முடியாம கெடக்கறா, நீ என் பாட்டில்ங்கற. எங்கடா அந்தப் பாட்டில்? காட்டு!"

மெக்கானிக் மூலையிலிருந்த குப்பை டிரம்மைக் கவிழ்த்துத் தேடினான். பழைய சாமான்காரன் இரண்டு நாள் முன்னால் எல்லாவற்றையும் அள்ளிப் போயிருந்தான். மண்டியிட்டு உட்கார்ந்தபடி அவன் நிமிர்ந்து பார்த்தான். தானேதான் கை மாறி ஊற்றிவிட்டோமோ என்ற சந்தேகம் அந்த முகத்தில் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வாடகைக் கார் முதலாளியும் பார்த்தார்.

ஒருநாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போகச் சொல்லுங்க" என்றாள் கணவனிடம். அவர் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து பஸ்ஸில் போகும்போது அந்த ஷெட்டைப் பார்த்தார். வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. வெளியிலிருந்து கொண்டுவரும் ஆயில், உதிரிபாகங்கள் இங்கே போடப்படமாட்டாது. உள்ளே கார் எதுவும் நிற்கவில்லை. பாதி இடத்தில் பேட்டரிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

வீட்டில் மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். கட்டிலிலிருந்து குளியலறைவரை. அதன் முன்சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. அடிக்கு ஒரு கிறீச்.

"என்னங்க, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்களேன். நான் எங்க போறேன் வரேன்னு ஊருக்கே தெரியுது."

"மிச்ச ஆயில் அரை லிட்டர் இருக்கே. அதுல ரெண்டு சொட்டு விட்டாப் போதும்" என்று எழுந்து போனார்.

அலமாரியின் இரண்டாவது தட்டு. போன வருட சர்வீஸில் மிஞ்சிய அரை லிட்டர். டப்பா அடியில் கசிந்ததால் அதை ஒரு காலி பிரேக் ஆயில் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். கழுத்தில் நூலால் சீட்டு கட்டியிருந்தார். பாட்டிலின் பழைய லேபிளைச் சுரண்டி எடுக்கவேண்டும். ஸ்டோரில் அது சட்டம். அவரே போட்ட சட்டம். அன்றைக்குக் கை பிசுபிசுவென்று இருந்தது. நாளைக்குச் சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

பாட்டிலை எடுத்தார். கழுத்தில் சீட்டு இல்லை. மூடியைத் திருகினார். திறக்கவில்லை. கண்ணருகே கொண்டுவந்தார். இப்போது கண் நன்றாகத் தெரிந்தது. மூடிக்குக் கீழே கம்பெனியின் சீல் வளையம் அப்படியே இருந்தது. உடைக்காத சீல். இந்த வருட சர்வீஸுக்கென்று அவர் வாங்கிய பிரேக் ஆயில்.

தட்டில் வேறு பாட்டில் இல்லை.

முட்டி போட்டு அலமாரிக்கு அடியில் கையை விட்டார். தூசியோடு சீட்டு வந்தது, நூலோடு. மிச்சம், என்ஜின், அரை லிட்டர். அவருடைய கையெழுத்து.

எந்த மடையன் சார் இதைப் பண்ணான்.

"கிடைச்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இல்ல. தேடறேன்."

மூன்று நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கடைக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் மெஷின் ஆயில் வாங்கிவந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, பக்கத்து அறையில் அவள் ஒவ்வொரு அடியாக நகர்வது காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது, "அந்த மெக்கானிக் விளங்கவே மாட்டான்" என்றாள் மனைவி. அவர் எழுந்து துவைக்கும் அறைக்குப் போய் நின்றார்.

நான்காம் நாள் காலை பாட்டிலையும் சீட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

மெக்கானிக் தனியாக உட்கார்ந்து ஒரு பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. பையைப் பார்த்தான்.

"பலகையைப் படிக்கலையா சார்?"

"படிச்சேன்."

அவர் பாட்டிலை எடுத்து வேலை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் சீட்டை வைத்தார். மெக்கானிக் பாட்டிலைக் கையில் எடுத்தான். மூடியைத் தடவினான். சீட்டைப் படித்தான். இரண்டையும் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"ரெண்டு மாசமா நான் தூங்கல சார்" என்றான். "எந்த டப்பாவை எடுத்தேன், எங்க வெச்சேன்னு யோசிச்சு யோசிச்சு. என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. இப்ப ஒரு நட்டை முறுக்கினா மூணு தடவை பாக்கறேன்."

"சீல் இல்லாததை நீங்க பாக்கலையா?"

கேட்டவுடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தேன். சார் வர முடியல, வீட்டுலயே உடைச்சுப் பாத்து அனுப்பியிருக்காருன்னு நெனச்சேன். ஒரு சொட்டு மோந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். தேச்சாக்கூடத் தெரியும். வேற யார் கொண்டுவந்திருந்தாலும் மோந்திருப்பேன்." பிளக்கைத் துணியில் சுற்றினான். "உங்களுதை மோக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல."

பேட்டரி கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டப்பா சாரைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"வாடகைக் கார்க்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றார் டப்பா சார். "அன்னிக்கு இருந்த எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா அவரு வேற இடத்துல பழகிட்டாரு. இனிமே வரமாட்டாரு." மேஜைமேலிருந்த சீட்டை விரலால் அவர் பக்கம் தள்ளினான். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அது ஒண்ணுதான் சார் எனக்குப் போகவே மாட்டேங்குது."

வாடகைக் கார் முதலாளியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவர் போனில் பேசிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்படியா? சரி சரி" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். முதலிலிருந்து, வரிசையாக, ஸ்டோரில் கணக்கு ஒப்புவிப்பதுபோல. டப்பா கசிந்தது, பாட்டில் மாற்றியது, லேபிளைச் சுரண்டாதது, சீட்டு அறுந்தது, ஒற்றைக் கண்ணோடு எடுத்து வைத்தது. அவர் முடித்தபோது கேட்டாள்:

"எப்ப தெரிஞ்சுது?"

"வாக்கருக்கு எண்ணெய் எடுக்கப் போனேனே, அன்னிக்கு."

"நாலு நாளாச்சு."

"ஆமா."

அவள் வாக்கரின் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு, "போன் போட்டுக் குடுங்க அவருக்கு" என்றாள்.

போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, நான்தான் பேசறேன். மதில்ல முட்டின அம்மா." மறுமுனையில் என்ன சொன்னானோ, கொஞ்ச நேரம் கேட்டாள். "இல்லப்பா. நான்தான் முகத்தைத் திருப்பியிருக்கக்கூடாது. ஆள் தெரியாம திருப்பிட்டேன்... நடக்கறேன், கொஞ்சம் கொஞ்சமா. வெச்சுடட்டுமா?"

போனை அவரிடம் கொடுத்தாள். அதன்பின் மாலைவரை பேசவில்லை. கோபம் தெரிந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கடைக்குப் போய் மெஷின் ஆயில் வாங்கிவந்து சக்கரத்துக்கு விட்டார். அவள் காலை நகர்த்தி இடம் கொடுத்தாள். கிறீச் சத்தம் நின்றுபோயிற்று. இனி அவள் எங்கே போகிறாள், வருகிறாள் என்று தெரியாது.

மாலை மாத்திரை வேளை வந்தது. மாலை என்று எழுதிய டப்பாவைத் திறந்து, இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, டம்ளரில் தண்ணீரோடு எப்போதும்போல் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"அதை வெச்சுடுங்க. அட்டையைக் கொண்டாங்க."

"அதேதான் இது. ஞாயித்துக்கிழமை எடுத்து வெச்சேன்."

"தெரியும். அட்டையோட கொண்டாங்க. என் கண்ணாடியையும்."

கொண்டுவந்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, சின்ன எழுத்துகளை உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். பெயர். அளவு. தேதி. பின்பக்கம் திருப்பினாள். இன்னொரு அட்டையையும் அப்படியே படித்தாள். பிறகு தானே அழுத்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அவர் தண்ணீரைப் பிடித்தபடி நின்றிருந்தார். மறு கையில் அந்த இரண்டு மாத்திரைகள் வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தன.